தங்கத்துக்கும் நாணயம் வேண்டும்: ஒரு பிரெஞ்சுக் காசின் கதை

சாமான் விலை ஏறும்போதெல்லாம் நமது வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு பதிவு சுற்றி வரும். கடதாசிக் காசுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம், தங்கக் காசுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதில் எழுதியிருக்கும். 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது இந்தப் பதிவைக் காணாத நாளே இல்லை. சம்பளத்தின் இலக்கம் மாறாமல் இருக்க, அது வாங்கித்தரும் அரிசியும் மாவும் குறைந்துகொண்டே போன காலம் அது. அந்தப் பதிவுக்குப் பின்னால் இருக்கும் கோபம் நியாயமானது. உழைத்துச் சேர்த்த காசை யாரோ கண்ணுக்குத் தெரியாமல் களவெடுத்தது போன்ற உணர்வு நம் எல்லோருக்கும் இருந்தது.

ஆனால் வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு அந்த மருந்தின் மேல் ஒரு சந்தேகம் உண்டு. தங்கக் காசு புழங்கிய காலங்கள் வரலாற்றில் ஏராளம். அப்போது ஏழைகள் நிம்மதியாக இருந்தார்களா? ஆட்சியாளர்கள் நேர்மையாக இருந்தார்களா? ஒரேயொரு காசை எடுத்து அதன் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்ப்போம். 1360 இல் பிரான்ஸில் அடிக்கப்பட்ட முதல் பிராங்க் அது. கலப்பில்லாத தங்கம்.

முதலில் காசைப் பார்ப்போம்.

எடை 3.88 கிராம் அளவு. நமது கணக்கில் அரைப் பவுணுக்குச் சற்றுக் குறைவு. 24 கரட். பாரிஸ் நிறுவையில் ஒரு மார்க் தங்கத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ 245 கிராமிலிருந்து, 63 காசு அடிக்க வேண்டும் என்பது கட்டளை. ஒரு பக்கத்தில் கவசம் பூண்ட மன்னர் வாளை ஓங்கியபடி குதிரையில் பாய்கிறார். சுற்றிவர, இறைவனின் அருளால் பிராங்குகளின் மன்னர் ஜோன் என்ற பொருளில் இலத்தீன் எழுத்து. மறுபக்கத்தில் சிலுவையும், கிறிஸ்துவின் வெற்றியையும் ஆட்சியையும் போற்றும் வாசகமும். குதிரை உருவத்தால் இதைக் குதிரை பிராங்க் என்றே அழைப்பார்கள்.

பிராங்க் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? காசில் இருக்கும் பிராங்குகளின் மன்னர் என்ற பட்டத்திலிருந்து வந்தது என்பார்கள். இன்னொரு விளக்கமும் உண்டு. பழைய பிரெஞ்சில் பிராங்க் என்றால் சுதந்திரமானவன், விடுபட்டவன். 1360 டிசம்பர் 5 ஆம் திகதி கொம்பியேன் நகரில் இந்தக் காசுக்கான கட்டளையை வெளியிட்டபோது, மன்னர் இரண்டாம் ஜோன் சிறையிலிருந்து விடுதலையாகி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தாம் இப்போது விடுபட்டவர் என்பதை அந்தக் கட்டளையிலேயே அவர் சொல்கிறார்.

காசில் பாய்ந்து வரும் அந்தக் குதிரை வீரர் உண்மையில் தோற்றுப் பிடிபட்டவர். 1356 செப்டெம்பர் 19 ஆம் திகதி புவாத்தியே என்ற இடத்தில் ஆங்கிலேயப் படையுடன் நடந்த சண்டையில் அவர் குதிரையில்கூட இருக்கவில்லை. பிரெஞ்சு வீரர்களில் பெரும்பாலானோரைப் போல அவரும் கீழே இறங்கி நின்றே போரிட்டார். 14 வயது மகன் பிலிப்புடன் சேர்த்து அவரை இங்கிலாந்து இளவரசர் எட்வர்டின் படை பிடித்தது. முதலில் போர்தோ, பிறகு லண்டன். நான்கு வருடம் கைதி. காசு நமக்குக் காட்டும் படத்துக்கும் நடந்ததற்கும் இடையில் அவ்வளவு தூரம்.

கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு பழக்கம் உண்டு. ஒரு மூலாதாரத்தைக் கையில் எடுத்தால் அது எதைச் சொல்கிறது என்பதோடு நிறுத்தாமல், எதைச் சொல்லாமல் விடுகிறது என்றும் கேட்க வேண்டும். இந்தக் காசு சொல்லாமல் விட்ட விடயம், மன்னரின் விடுதலைக்கு விலை கொடுத்தது யார் என்பது.

அதற்கு முன், அவர் பிடிபடுவதற்கு முந்திய காலத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கேதான் நமது வாட்ஸ்அப் பதிவுக்கான பாதிப் பதில் இருக்கிறது.

அன்றைய பிரான்ஸில் கடதாசிக் காசு கிடையாது. எல்லாம் தங்கமும் வெள்ளியும்தான். அப்படியிருந்தும் காசின் பெறுமதி தண்ணீர் போல ஓடியது. எப்படி? வழி மிக இலகு. ஒரு மார்க் வெள்ளியிலிருந்து 60 காசு அடிக்கும் இடத்தில் 80 அடிக்கலாம். அல்லது வெள்ளியோடு செம்பைக் கூட்டலாம். காசின் பெயரும் முகப்பெறுமதியும் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் வெள்ளி மட்டும் குறையும். பிறகு பழைய காசு இனிச் செல்லாது, நாணயசாலைக்குக் கொண்டு வாருங்கள் என்று கட்டளை போடலாம். பழைய காசை உருக்கிப் புதியதை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் இடையில் வரும் இலாபம் மன்னருக்கு. தங்கக் காசுகளும் தப்பவில்லை. 1337 இல் சுத்தத் தங்கமாகத் தொடங்கிய எக்யூ என்ற காசின் தரம் அடுத்த வருடங்களில் படிப்படியாக இறங்கியது.

ஜோனுக்கு முன்பே நான்காம் பிலிப் இந்த வித்தையைக் காட்டியிருந்தார். 1306 இல் அவர் திடீரென நல்ல காசுக்குத் திரும்பியபோது பாரிஸில் வீட்டு வாடகை ஏறத்தாழ மும்மடங்காகியது. மக்கள் கொதித்தெழ, மன்னர் டெம்ப்ளர்களின் கோட்டைக்குள் ஒளிந்துகொள்ள நேர்ந்தது. காசைக் கெடுத்தாலும் அடி, கெட்டதைத் திடீரெனத் திருத்தினாலும் அடி. இரண்டும் விழுந்தது வாடகை வீட்டுக்காரன் முதுகில்தான்.

ஜோனின் காலத்தில் இது நோயாகவே மாறிவிட்டது. போர்ச் செலவுக்காக ஒரே வருடத்திலேயே பல தடவை காசின் தரம் மாறியது. கூலிக்காரனுக்குக் கிடைத்த காசு சந்தைக்குப் போகும்போது வேறு பெறுமதி. 1355 டிசம்பரில் பாரிஸில் கூடிய பிரதிநிதிகள் சபை மன்னரிடம் நேரடியாக ஒரு பேரம் பேசியது. நல்ல காசு தாருங்கள், வரி தருகிறோம் என்று. அந்தப் பேரம் நிலைக்கவில்லை. மன்னர் பிடிபட்டபின் ஆட்சியை நடத்திய அவரது மகன் சார்ள்ஸ், 1356 இன் கடைசியில் புதிதாக ஒரு மலிந்த காசைப் புழக்கத்துக்கு விட முயன்றார். பாரிஸ் வணிகர்களின் தலைவர் எத்தியேன் மார்செலின் தலைமையில் நகரம் எதிர்த்து நிற்க, இளவரசர் பின்வாங்கினார். 1358 இல் வடக்கே விவசாயிகளின் கிளர்ச்சி வெடித்தது, இரத்தத்தில் அடக்கப்பட்டது. அதே வருடம் ஜூலை கடைசியில் மார்செலும் கொல்லப்பட்டார். பத்து வருடம் முன்னர்தான் கொள்ளைநோய் வந்து நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களை அள்ளிக்கொண்டு போயிருந்தது என்பதையும் நினைவில் வைப்போம். மன்னரின் விடுதலைக்கான விலை விழுந்தது இப்படிப்பட்ட ஒரு நாட்டின் தலையில்.

எவ்வளவு? 1360 மே மாதம் பிரெத்தினியில் பேசி, ஒக்டோபரில் கலே நகரில் உறுதிசெய்த ஒப்பந்தப்படி 30 இலட்சம் எக்யூ. எடையில் 11 தொன்னுக்கும் அதிகமான தங்கம். நமது ஊர்ப் பேச்சில் சொன்னால், ஒரு மனிதருக்காக ஒரு நாடு கட்டிய கப்பம். அத்துடன் தென்மேற்கில் பெரிய நிலப்பரப்பும் போயிற்று. முதல் தவணை முழுதாகச் சேராமலே, 4 இலட்சத்தைப் பெற்றுக்கொண்டு மன்னரை விட்டார்கள். மீதிக்குப் பிணையாக அவரது பிள்ளைகளும் தம்பியும் பல பிரபுக்களும் ஆங்கிலேயர் கையில் போய்ச் சேர்ந்தார்கள்.

இனி, கொடுத்தவர்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஒரு சிறுமி. மன்னரின் மகள் இசபெல். வயது 12 அளவு. மிலானை ஆண்ட விஸ்கொன்டி குடும்பம் பெரும் பணக்காரக் குடும்பம், ஆனால் அரச இரத்தம் இல்லை. அந்தக் குடும்பத்துப் பையனுக்கு, அவனுக்கு அப்போது 9 வயது, அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அதற்காக விஸ்கொன்டிகள் மன்னருக்குத் தர ஒப்புக்கொண்டது 6 இலட்சம் பொன் புளோரின். இதை மஹர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மஹர் பெண்ணுக்குரியது. இது தந்தையின் கடனுக்குப் போன காசு. இசபெல் 1372 இல், 24 வயதைக்கூடத் தாண்டாமல் இறந்துபோனாள். வரலாற்று நூல்களில் அவளுக்கு ஓரிரு வரிதான்.

இரண்டாவது, யூதர்கள். 1306 இல் நான்காம் பிலிப் அவர்களின் சொத்துகளைப் பறித்துக்கொண்டு நாட்டை விட்டே துரத்தியிருந்தார். பிறகு கொஞ்சக் காலம் வரவிட்டார்கள், மீண்டும் துரத்தினார்கள். இப்போது கப்பம் கட்டக் காசு தேவைப்பட்டதும், திரும்பி வரலாம் என்று அனுமதி கிடைத்தது. சும்மா இல்லை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம், பிறகு வருடா வருடம் வரி. தேவை தீர்ந்த பின் 1394 இல் மறுபடியும் வெளியேறச் சொன்னார்கள். ஒரு சிறுபான்மையைத் திறைசேரியின் உண்டியலாகப் பார்ப்பது என்றால் இதுதான். காசு வேண்டுமானால் கதவு திறக்கும், பழி போட ஆள் வேண்டுமானால் கதவு மூடும். இதை வாசிக்கும் எவருக்கும் நெஞ்சு உறுத்த வேண்டும். சிறுபான்மையாக வாழ்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட.

மூன்றாவது, பெயரில்லாத எல்லோரும். பிராங்கை உருவாக்கிய அதே நாளில்தான் வரிகளும் பிறந்தன. விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் லிவ்ருக்கு 12 தெனியே. ஒரு லிவ்ர் என்பது 240 தெனியே என்பதால் இது 5 வீதம். வைனுக்குப் பதின்மூன்றில் ஒரு பங்கு. உப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு. உப்பில்லாமல் யாரும் உண்ண முடியாது, குளிர்காலத்துக்கு இறைச்சியையும் மீனையும் பதப்படுத்தி வைக்கவும் உப்புத்தான் வேண்டும். ஆகவே உப்பு வரி என்றால், ஒன்றுமில்லாதவனும் தப்ப முடியாத வரி. பிரபுக்களின் குதிரைக்கும் வாளுக்கும் வேறு கணக்கு. ஏழையின் சட்டிக்கு ஒரே கணக்கு.

மன்னரின் கதை இப்படி முடிந்தது. பிணையாகப் போன மகன்களில் ஒருவர் 1363 இல் தப்பி ஓடினார். மகன் வாக்கை மீறிவிட்டாரே என்று ஜோன் 1364 ஜனவரியில் தாமாகவே லண்டனுக்குத் திரும்பிப் போனார். ஏப்ரல் 8 ஆம் திகதி அங்கேயே, சவோய் மாளிகையில் காலமானார். வாக்கைக் காப்பாற்றத் தாமே திரும்பிப் போன மன்னர் என்று பிரெஞ்சு நூல்கள் இதை மெச்சும். மெச்சலாம், அந்த நேர்மை உண்மையானதுதான். ஆனால் எதிரி மன்னருக்குக் கொடுத்த வாக்கில் இருந்த அந்த நாணயம், தமது குடிமக்களின் கையில் இருந்த காசிலும் இருந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றுகிறது.

கப்பம் கடைசிவரை முழுதாகக் கட்டப்படவில்லை. 1369 இல் போர் மறுபடி தொடங்கியது. வரிகள் மட்டும் நின்றுவிட்டன. மன்னரின் மீட்புக்காக என்று வந்தவை, பிறகு படைக்காக, பிறகு அரசுக்காக என்று வேர்விட்டன. 1341 இல் முளைத்து 1360 இல் தழைத்த உப்பு வரியைப் பிரெஞ்சுப் புரட்சிதான் 1790 இல் ஒழித்தது. அதையும் நெப்போலியன் 1806 இல் திரும்பக் கொண்டுவந்தார். தற்காலிகம் என்று சொல்லி வரும் வரிகளைப் பற்றி நமக்கும் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிராங்கின் நல்ல பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அது உண்மையிலேயே நல்ல காசாக இருந்தது. அதற்கு முன் லிவ்ர் என்பது கணக்குப் புத்தகத்தில் மட்டுமே இருந்த ஒரு அளவு. பிராங்க் வந்தபின் ஒரு லிவ்ர் என்றால் கையில் ஒரு தங்கக் காசு என்றாகியது. ஐந்தாம் சார்ள்ஸ் ஆட்சி முழுவதும், 1380 வரை, அதன் தரம் குலையவில்லை. சார்ள்ஸ் தந்தையிடம் கற்றாரோ, பாரிஸ் தெருக்களிடம் கற்றாரோ, பாடம் படித்துக்கொண்டார்.

இந்த நிலைப்பாடு தங்கத்தால் வந்ததா? அங்கேதான் நாம் மாறுபடுகிறோம். 1350 இலும் தங்கம் இருந்தது, 1360 இலும் இருந்தது. மாறியது ஆட்சியின் நடத்தை. மறைவாகக் காசைக் கெடுத்து எடுத்ததை, இனி வெளிப்படையாக வரியாக எடுப்போம் என்று ஆட்சி முடிவு செய்தது. சுமை ஏழையின் தோளை விட்டு இறங்கவில்லை, கண்ணுக்குத் தெரியும்படியாக மாறியது. தெரியும் சுமையை எதிர்த்துக் கேட்கலாம் என்பது சின்ன விடயமில்லை. 1382 இல் பாரிஸ் மக்கள் வரிக்கு எதிராக எழுந்ததும் அப்படித்தான். ஆனால் 1417 க்குப் பிறகு போர் முற்றியதும், அதே அரச வம்சம் மறுபடியும் காசில் கைவைத்தது. தங்கம் அதைத் தடுக்கவில்லை.

அன்றே இதை எழுதி வைத்த ஒருவர் இருந்தார். நிக்கோல் ஒரெம் என்ற பிரெஞ்சு அறிஞர், பின்னாளில் லிசியூ நகரின் பிஷப். ஜோனின் காலத்திலேயே நாணயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் வாதம் எளிமையானது. காசில் மன்னரின் முகம் இருக்கலாம், ஆனால் காசு மன்னருடையதல்ல. அதை உழைப்பாலும் பொருளாலும் வாங்கியவர்களுடையது, முழுச் சமூகத்துடையது. ஆகவே அதை மாற்றும் உரிமையும் சமூகத்துக்கே. காசைக் கெடுத்து மன்னர் அடையும் இலாபம் வட்டியை விட மோசமானது என்றும் சொன்னார். வட்டிக்காரனிடம் ஒருவன் அறிந்துகொண்டு போகிறான், மன்னரோ கேட்காமலே எடுக்கிறார் என்பது அவர் தர்க்கம்.

ஜோன் இறந்த அதே 1364 இல் கெய்ரோவில் ஒரு குழந்தை பிறந்தது. பின்னாளில் வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி. எகிப்தைப் பஞ்சம் உலுக்கிய வேளையில், 1405 இல் அவர் ஒரு நூல் எழுதினார். வெள்ளி திர்ஹம் அருகிச் செப்புக் காசு பெருகியது நாட்டைக் கெடுத்தது, தங்கமும் வெள்ளியுமே உண்மையான பணம் என்று அதில் வாதிட்டார். தங்க தீனார் பற்றிப் பேசும் நண்பர்கள் இந்த நூலை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். சரி. ஆனால் அவர் அடுக்கிய காரணங்களில் முதலாவதை விட்டுவிடுகிறார்கள். பதவிகள் இலஞ்சத்துக்கு விற்கப்படுகின்றன என்பதே அவரது முதல் காரணம். இலஞ்சம் கொடுத்துப் பதவிக்கு வந்தவன் போட்ட காசை மக்களிடமிருந்தே எடுப்பான். இரண்டாவது, காணிக் குத்தகையின் ஏற்றம். செப்புக் காசு மூன்றாவதாகத்தான் வருகிறது. மூன்றாவதை மட்டும் கிழித்தெடுத்துப் பகிர்வது அல்மக்ரீஸிக்குச் செய்யும் அநியாயம்.

பிராங்கின் கதையில் இன்னொரு வளைவும் உண்டு. அந்த நூற்றாண்டில் ஐரோப்பா காசடித்த தங்கத்தில் ஒரு பகுதி ஹங்கேரியின் சுரங்கங்களிலிருந்தும், இன்னொரு பகுதி சஹாராவைக் கடந்து மேற்கு ஆபிரிக்காவிலிருந்தும் வந்தது. 1324 இல் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்து அதன் விலையையே இறக்கிய மன்ஸா மூஸாவின் மாலியும் அந்தப் பகுதியில்தான். இன்றைக்கு மாலியின் பணத்துக்குப் பெயர் என்ன? பிராங்க். பிரான்ஸ் 1945 டிசம்பர் 26 ஆம் திகதி தனது ஆபிரிக்கக் குடியேற்றங்களுக்காக உருவாக்கிய சிஎஃப்ஏ பிராங்க். 14 நாடுகள் இன்னும் அதைப் பாவிக்கின்றன. ஒரு யூரோவுக்கு 655.957 என்று கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 1994 ஜனவரியில் அதன் பெறுமதி ஒரே இரவில் பாதியாக வெட்டப்பட்டது. பிரான்ஸோ 2002 இல் தன் பிராங்கைக் கைவிட்டு யூரோவுக்குப் போய்விட்டது. விடுபட்டவன் என்று பொருள்படும் பெயர், ஒரு காலம் தங்கம் தந்த மண்ணில் மிஞ்சியிருக்கிறது. தங்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தாலும், தன் காசைப் பற்றித் தானே முடிவெடுக்க முடியாத நாட்டுக்கு அதனால் என்ன பயன் என்று மாலி மக்களிடம்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறோம்?

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்தான்: நாணயம். நாணயமான மனிதன் என்கிறோம், நாணயசாலை என்கிறோம். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களை எச்சரிக்கத் தனி அத்தியாயமே இறங்கிய மார்க்கம் நம்முடையது. அந்த எச்சரிக்கை தராசுத் தட்டில் இருக்கும் பொருளைப் பற்றியதல்ல. தராசைப் பிடிக்கும் கையைப் பற்றியது. கை கோணலாக இருந்தால் தட்டில் அரிசி வைத்தாலென்ன, தங்கம் வைத்தாலென்ன?

ஆகவே தங்கக் காசு பற்றிய பதிவைப் பகிரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதோடு சேர்த்து மூன்று கேள்விகளையும் பகிருங்கள். கடனை யார் வாங்கினார்? அதை யார் தலையில் கட்டுகிறார்கள்? காசைப் பற்றிய முடிவை எடுப்பவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறதா? இந்தக் கேள்விகள் இல்லாத தங்கம், ஜோனின் குதிரையைப் போலத்தான். படத்தில் நன்றாகப் பாயும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. வகுப்பில் ஒரு மன்னரின் பெயரையும் போரின் ஆண்டையும் கரும்பலகையில் எழுதும்போது, பக்கத்திலேயே செலவு யாருடையது என்றும் ஒரு வரி எழுதிவிடுவோம். பரீட்சைக்கு வராது. ஆனால் வாக்குரிமை கிடைக்கும் வயதில் அந்தப் பிள்ளைக்கு நினைவில் நிற்க வேண்டிய வரி அதுதான்.